வறுவல் கடைக்குள் ஓர் எல்லைக்கோடு

பொடியக்காவின் கடையில் வறுவல் வாங்கித் தின்றவர்கள் அதுவரை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சண்டை போட்டிருக்கிறார்கள். பொட்டலத்தின் அடியில் தங்கும் தூளை யார் நக்குவது என்று. புருஷன் பெண்டாட்டிக்குள் அந்தச் சண்டை வந்திருக்கிறது, அண்ணன் தங்கைக்குள் வந்திருக்கிறது, ஒரே ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர்கள் அதற்காகப் பேச்சு வார்த்தையை நிறுத்தியிருக்கிறார்கள். அது நியாயமான சண்டை. அந்தத் தூளில் காய்ந்த மிளகாய் உண்டு, வெயிலில் உலர்த்தி இடித்த எலுமிச்சைத் தோல் உண்டு, பூண்டு உண்டு, உப்பு உண்டு, யாருக்கும் தெரியாமல் துளி சர்க்கரையும் உண்டு. முதலில் உறைக்கும், பிறகு புளிக்கும், என்ன ஏது என்று யோசிப்பதற்குள் கை அடுத்த வறுவலுக்குப் போயிருக்கும். இப்படி நிம்மதியாகத் தின்னப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பொருளைப் பாதுகாக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ தெரியவில்லை. தோன்றித் தொலைத்துவிட்டது.

கடை பெரிய கடை ஒன்றுமில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஆஸ்பத்திரி மதிலை ஒட்டி, நீளவாக்கில் ஒரே ஒரு அறை. ஒரு பக்கச் சுவரை ஒட்டி அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும். எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டிப் பொடி அரைக்கும் இயந்திரமும் நீளமான மேசையும். பொடியக்காவின் புருஷன் உருளைக்கிழங்கைச் சீவிப் பொரித்து ஜல்லடையில் அள்ளி மேசைக்குக் கொண்டுவருவார். பொடியக்கா சூடு ஆறுவதற்குள் பொடியைத் தூவிக் குலுக்குவாள். ஊரில் எல்லோரும் அவரை வறுவல்காரர் என்றார்கள். அவளைப் பொடியக்கா என்றார்கள். இரண்டு பேருக்கும் சொந்தப் பெயர் இருந்தது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

கல்யாணமான புதிதில் வறுவல்காரர் தூரத்து நகரத்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். லீவு கிடைக்கும்போது வருவார். வந்த களைப்பு தீருவதற்குள் கிளம்பிவிடுவார். புருஷன் என்று ஒருவர் இருக்கிறார் என்பதற்குச் சாட்சியாகக் கொடியில் ஒரு சட்டை தொங்கியதே தவிர வேறு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் இந்தக் கடையை ஆரம்பித்தார்கள். கடை போனால் அவர் மறுபடி பிஸ்கட்டுக்குத்தான் போக வேண்டும். பொடியக்காவுக்கு உலகத்தில் வேறு எதற்கும் பயமில்லை, இதற்கு மட்டும் உண்டு.

ஒரு நாள் காலை, சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த நேரம், மூன்று பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பின்னால் வந்த இருவரில் ஒருவர் கையில் அளவு நாடா, இன்னொருவர் கையில் மஞ்சள் பெயிண்ட் டப்பா.

"உட்காருங்க சார், சூடா எடுத்துத் தர்றேன்" என்றாள் பொடியக்கா.

"வறுவல் வேண்டாம்மா. கோடு போட வந்திருக்கோம்."

அட்டைக்காரர் தன்னை ஆய்வாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். வட்டாரச் சுவைப் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வாளர். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதனதன் நொறுக்குத்தீனிச் சுவை உண்டு, அது கலந்து கெட்டுப்போகாமல் காப்பதுதான் வாரியத்தின் வேலை என்றார். அதற்காக ஒரு சுவை வரைபடம் தயாராகியிருந்தது. அதன்படி ஊரின் வடக்குப் பாதி உறைப்பு மண்டலம், தெற்குப் பாதி புளிப்பு மண்டலம்.

"அப்படின்னு யாருங்க சொன்னாங்க?" என்று கேட்டார் வறுவல்காரர்.

"வரைபடம்."

"வரைபடத்துக்கு யாரு சொன்னாங்க?"

ஆய்வாளர் இப்படி ஒரு கேள்வியை இதற்கு முன் கேட்டதில்லை போலிருந்தது. கொஞ்சம் யோசித்து, "வரைபடம் ஏற்கெனவே அச்சாயிடுச்சுங்க" என்றார்.

அளவு நாடா வாசலில் நுழைந்தது. மஞ்சள் கோடு அதன் பின்னாலேயே வந்தது. வாசற்படியைத் தாண்டி, கல்லாவுக்கு அடியில் புகுந்து, உருளைக்கிழங்கு மூட்டையை உரசி, அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே நேராக ஓடிப் பின்சுவரில் முட்டி நின்றது. நடுவில் பெயிண்டர் வறுவல்காரரிடம் மரியாதையாக, "அண்ணே, கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்றார். வறுவல்காரர் தூக்கினார். தூக்கிய காலை எந்த மண்டலத்தில் வைப்பது என்று புரியாமல் ஒற்றைக் காலிலேயே நின்றார்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் ஆய்வாளர். "உங்க வீட்டை யாரும் பிரிக்கலை. சுவையைத்தான் பிரிச்சிருக்கோம். அடுப்பு உறைப்பு மண்டலத்துல இருக்கு. அங்க புளிப்பு ஆகாது. மேசை புளிப்பு மண்டலத்துல இருக்கு. அங்க மிளகாய் ஆகாது."

"ரெண்டும் சேர்ந்தாத்தானே சார் எங்க வறுவல்?"

"அதனாலதான் இது ரெண்டு பக்கமும் குற்றம்" என்றார் அவர், அனுதாபத்தோடு. "மாத்திக்கலைன்னா கடைக்கு சீல் வெச்சிடுவோம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர்கள் போன பிறகு பொடியக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எண்ணெய் புகைந்த பிறகுதான் அடுப்பை அணைக்க வேண்டும் என்று தோன்றியது. வறுவல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பிஸ்கட் மேனேஜர் இன்னும் நம்பர் வெச்சிருப்பாரு" என்று மெல்லச் சொன்னார். பொடியக்கா கையில் கிடைத்த துணியை அவர்மேல் வீசி எறிந்தாள். அப்படிப்பட்ட கோபம் அவளுக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மத்தியானம் கொழுந்தனார் வந்தார். வறுவல்காரரின் தம்பி, பார்சல் வண்டி ஓட்டுகிறவர். ஊரில் எந்த ஆபீசுக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி என்று அவரே சொல்லிக்கொள்வார். கோட்டை நாலு தரம் தாண்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதெல்லாம் எழுதிக் குடுத்தா வேலைக்கு ஆகாது. நேர்ல போய் ஒரு பொட்டலத்தை நீட்டிடணும். ஒரு வாய் தின்னாங்கன்னா அவங்களே வந்து கோட்டை அழிச்சிடுவாங்க" என்றார்.

சொன்னது நல்ல யோசனை. வாரியத்தைப் பற்றிக் கொஞ்சமும் தெரியாதவர் சொன்ன யோசனை.

கொழுந்தனாரோடு வாரிய அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பொடியக்காவுக்கு ஏதோ குறைவதுபோலப் பட்டது. சற்றுப் பொறுத்துத்தான் புரிந்தது, அந்தக் கட்டடத்தில் எந்த வாசனையும் இல்லை. வாசலில் காவலர் அவள் பையைத் திறந்து வறுவல் பொட்டலத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். "இதை உள்ள கொண்டுபோகக் கூடாதும்மா. இது சுவை வாரியம்." பொட்டலத்தை வாங்கித் தன் மேசை இழுப்பறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அவர்கள் திரும்பி வரும்வரை அது முழுசாக இருக்குமா என்று கொழுந்தனாருக்கு மட்டும் சந்தேகம் வந்தது.

மாடியில் 'சுவைப் பிரிவு' என்று பலகை போட்ட கூடம். வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஓர் அதிகாரி பாலில் நனைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். உப்பில்லை, சர்க்கரையில்லை. சுவை பார்க்கிற அதிகாரிகளின் நாக்கு நடுநிலை தவறக் கூடாது என்பதற்காக அவர்களுக்கு மூன்று வேளையும் அதுதானாம். ஓர் அதிகாரி பொடியக்காவின் சேலை முந்தானையிலிருந்து வந்த பூண்டு வாசத்தை மோந்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், அவருக்கு வீட்டு நினைவு வந்திருக்க வேண்டும்.

தலைவர் அறை பெரியது. பின்சுவர் முழுக்க அந்த வரைபடம். தலைவர் வெளுத்த சட்டை, வெளுத்த முகம், வெளுத்த சிரிப்பு. அவர்களை உட்காரச் சொன்னார். பேசினார். பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்துவது லேசில்லை.

"நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒரு நொறுக்குத்தீனியும் என் வாயில் பட்டதில்லை" என்று தொடங்கினார். "ஒரு கடலை இல்லை. ஒரு பொரி இல்லை. அதுதான் என் தகுதி. தின்கிறவனுக்குப் பாரபட்சம் வந்துவிடும். அது நன்றாயிருக்கிறது, இது நன்றாயில்லை என்பான். சுவையைப் பற்றி முடிவெடுக்கிறவனுக்கு அதெல்லாம் ஆகாது."

"ஐயா, எங்க வறுவலைத் தேடி ஜனங்க ரொம்ப தூரத்துல இருந்தெல்லாம்..." என்று ஆரம்பித்தாள் பொடியக்கா.

"அதுதான் பிரச்சினையே. மக்களுக்குத் தங்கள் சுவை எது என்று தெரியாது. அதனால்தான் பிடித்ததையெல்லாம் தின்கிறார்கள்." தலைவர் வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்த ஊரைப் பாருங்கள். மிளகு போட்ட வறுத்த கடலைக்குப் பெயர் போன ஊர். நாங்கள் அதைப் பாதுகாத்தோம். இன்றைக்கு அந்த ஊரில் மிளகும் இல்லை, கடலையும் இல்லை, வறுக்கிறவர்களும் இல்லை. சுவை மட்டும் அப்படியே பத்திரமாக இருக்கிறது."

"எங்கீங்க இருக்கு?" என்றார் கொழுந்தனார்.

"பதிவில்."

பொடியக்கா தலைவரின் முகத்தையே பார்த்தாள். இந்த மனிதர் கெட்டவராக இருந்தால் காலில் விழுந்தாவது பார்க்கலாம். இவர் மனதார நல்லது செய்துகொண்டிருக்கிறார், இவரை என்ன செய்ய முடியும்?

கடைசியில் தலைவர் பெரிய மனது பண்ணி ஒரு தற்காலிக வழி சொன்னார். அடுப்புப் பக்கம் வறுவல்காரர் மிளகாய் மட்டும் போட்டு உறைப்பு வறுவல் விற்கலாம். மேசைப் பக்கம் பொடியக்கா எலுமிச்சைத் தோல் மட்டும் போட்டுப் புளிப்பு வறுவல் விற்கலாம். ஒருவர் பக்கத்துச் சாமான் இன்னொருவர் பக்கம் போகக் கூடாது. ஆட்கள் போகலாம், வெறுங்கையோடு. அதற்கும் எல்லையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் கையைக் கழுவ வேண்டும். அதற்கு வாரியத்தில் சுவை நீக்கம் என்று பெயர்.

மேசைப் பக்கத்துக்கு இன்னொரு சின்ன அடுப்பு வந்தது. கல்லா இரண்டானது. வறுவல்காரர் நாள் முழுக்கக் கை கழுவினார். கல்லாவுக்குச் சில்லறை வேண்டும் என்றால் கழுவினார், கத்தி எங்கே என்று கேட்க வந்தால் கழுவினார், சும்மா பெண்டாட்டியைப் பார்க்க வந்தாலும் கழுவினார். விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிற்று.

"நீ இத்தனை வருஷம் சொல்லியும் நான் கை கழுவினதில்லை. வாரியம் சாதிச்சிடுச்சு பாரு" என்றார்.

"அதுக்கு நான் அவங்களுக்குக் கோயில் கட்டணுமா? போங்க அந்தப் பக்கம், சட்டி கருகுது."

சாயங்காலம் பொடியக்கா எலுமிச்சை பிழிந்த தேநீர் குடிப்பாள். அதில் பாதியை அவருக்குக் கொடுப்பது வழக்கம். இப்போது தம்ளர் கோட்டைத் தாண்டக் கூடாது. வறுவல்காரர் உறைப்பு மண்டலத்தில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, தலையை மட்டும் புளிப்பு மண்டலத்துக்குள் நீட்டிக் குடித்தார். அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் வந்துவிட்டார். தன் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கழுத்துக்கு மேலே எந்த விதியும் போடப்பட்டிருக்கவில்லை. "குடிங்க, குடிங்க. மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாபாரம் விழுந்தது. வெறும் உறைப்பைத் தின்றவர்கள் தண்ணீர் கேட்டார்கள். வெறும் புளிப்பைத் தின்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருத்தி பாதி தின்ற பொட்டலத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு, "அக்கா, உடம்பு சரியில்லையா உங்களுக்கு?" என்று கேட்டாள். பொடியக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் கையால் செய்த பண்டத்தைப் பார்த்து ஒருத்தர் இப்படிக் கேட்டுவிட்டாரே என்று அன்றைக்கு அவள் சோறே தின்னவில்லை.

இதற்கு விடிவு பஸ் கண்டக்டரால் வந்தது. எந்நேரமும் அவசரத்தில் இருக்கிற மனிதர். இறங்கி ஓடிவந்து, "ரெண்டுலயும் ஒண்ணு குடுங்க" என்று இரண்டு பொட்டலமும் வாங்கினார். வாசலுக்கு வெளியே போய் இரண்டையும் பிரித்து, ஒன்றை இன்னொன்றில் கொட்டி, பொட்டலத்தின் வாயை இறுக்கி மூடிக் குலுக்கினார். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தும் திறக்கவில்லை.

அவ்வளவுதான். மறுநாளே பஸ் நிறுத்தம் முழுக்க ஆளாளுக்கு நின்று பொட்டலத்தைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். வக்கீல் குலுக்கினார், வாத்தியார் குலுக்கினார், கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் குழந்தையையும் சேர்த்துக் குலுக்கினாள். பொடியக்காவுக்கு உயிர் திரும்பி வந்தது. வறுவல்காரர் பிஸ்கட் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் நல்ல காலம் வாரியத்துக்குத் தெரியாமல் எத்தனை நாள் இருக்கும்? ஆய்வாளர் குலுக்கலைப் பார்த்துவிட்டார். உடனே ஓர் ஆணை வந்தது. இரு மண்டலச் சுவைகளையும் ஒரே பையில் சேர்ப்பது கையடக்கக் கலப்பு எனும் குற்றம். ஆகவே இரண்டையும் தனித்தனிப் பையிலேயே வைத்துத் தின்ன வேண்டும். ஜனங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, இதில் ஒரு கடி, அதில் ஒரு கடி என்று தின்ன ஆரம்பித்தார்கள். பை கலக்கவில்லை, கை கலக்கவில்லை. கலந்தது வாய்க்குள்ளே.

வாரியம் அதிர்ந்துபோயிற்று. அவசரக் கூட்டம் கூடியது. வாய்க்குள் நடப்பதை யார் கண்காணிப்பது? கடைசியில் தலைவரே நேரில் வந்து கடையில் வைத்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது என்று முடிவாயிற்று. தீர்ப்பு பாதகமாக வந்தால் அங்கேயே சீல். அதற்கான அரக்கையும் மெழுகுவர்த்தியையும் கையோடு எடுத்து வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

அன்று காலை பொடியக்கா கடையைக் கழுவித் துடைத்தாள். சீல் வைக்கப்போகிற கடையை எதற்குத் துடைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வறுவல்காரர் சட்டியைத் தேய்த்து எடுத்துவந்தார்.

"போன தடவை மாதிரி இருக்காது" என்றார். "மாசத்துக்கு ஒரு தரம் வந்துடுவேன்."

"பேசாம இருங்க" என்றாள் பொடியக்கா. குரல் உடைந்தது.

தலைவர் வந்தார். அவருடைய நாற்காலியைக் கோட்டின் மேல் சரிபாதியாகப் போட்டார்கள், நடுநிலைக்காக. கண்டக்டர், நர்ஸம்மா, வக்கீல் என்று வாசல் நிறையக் கூட்டம்.

"வாய் என்பது" என்று தொடங்கினார் தலைவர், "அதன் உரிமையாளர் குடியிருக்கும் மண்டலத்தைச் சேர்ந்தது. வடக்கே குடியிருப்பவர் வாய் உறைப்பு வாய். தெற்கே குடியிருப்பவர் வாய் புளிப்பு வாய்."

"சார், நான் பஸ்லயே கிடக்கிறவன்" என்றார் கண்டக்டர். "என் வாய் வடக்கே போகும், தெற்கே வரும். ஒரு நாளைக்கு எத்தனை தரம்னு எனக்கே தெரியாது. நான் எப்போ எதைத் தின்னணும்?"

தலைவர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். அதில் ஓடுகிற வாய் பற்றி ஒன்றும் இல்லை.

"அப்படியானால் முதலில் ஒன்று நிரூபிக்கப்பட வேண்டும்" என்றார் தலைவர். "வாய்க்குள் கலப்பு உண்மையிலேயே நடக்கிறதா, இல்லையா? இதைச் சொல்லக் களங்கமில்லாத ஒரு நாக்கு வேண்டும். இங்கே இருக்கிற எல்லா நாக்கும் கெட்ட நாக்கு." சுற்றிலும் பார்த்தார். அவர் பார்வை போய்ப் போய்த் தன்னிடமே திரும்பி வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கடமை என்று வந்துவிட்டால் தலைவனுக்கு விதிவிலக்கு இல்லை. கொண்டுவாருங்கள்."

பொடியக்கா ஒரு தட்டில் இரண்டு வறுவல் வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து உறைப்பு, இந்தப் பக்கத்திலிருந்து புளிப்பு. தலைவர் இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டார். கடக்கென்று ஒரு சத்தம்.

தலைவரின் வெளுத்த முகத்தில் முதலில் காது சிவந்தது, பிறகு மூக்கு சிவந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. பேச வாயைத் திறந்தார். பேசாமல் கையை நீட்டினார். பொடியக்கா இன்னும் இரண்டு வைத்தாள். அதுவும் போயிற்று. பிறகு தட்டோடு கொடுத்தாள். அதுவும் போயிற்று. தட்டில் தங்கிய தூளை அவர் விரலால் துடைத்ததை ஆய்வாளர் பார்த்தும் பார்க்காததுபோல் மோட்டுவளையைப் பார்த்தார்.

"இந்தச் சுவை" என்றார் தலைவர் ஒருவழியாக. குரலே வேறாகியிருந்தது. "எங்கள் வரைபடத்தில் எந்த மண்டலத்திலும் இல்லை. இது உலகத்தில் இந்த ஓர் இடத்தில் மட்டும் இருக்கிறது. ஆகவே இதை உடனே பாதுகாத்தாக வேண்டும்."

கூட்டம் கைதட்டியது. கொழுந்தனார் விசிலே அடித்தார். பொடியக்கா மட்டும் தட்டவில்லை. மிளகும் கடலையும் இல்லாமல் போன ஊர் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"பாதுகாக்கிறதுன்னா என்ன செய்வீங்க ஐயா?"

"தின்றால் தீர்ந்துவிடுமல்லவா? ஆகவே இன்றிலிருந்து இதை யாரும் தின்னக் கூடாது. கடைக்கு மரியாதையோடு சீல் வைப்போம்."

மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தார்கள். வறுவல்காரர் அடுப்பை அணைக்கக் குனிந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் பொடியக்காவுக்குள் ஏதோ வெடித்தது. அழுவதா கத்துவதா என்று தெரியாமல் வாயில் வந்ததைக் கேட்டாள்.

"பூட்டி வெச்சீங்க, சரி. உள்ள சுவை பத்திரமா இருக்குதா, செத்துப்போச்சான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கே நமுத்துப்போற பொருளுங்க இது. யாருமே பார்க்க மாட்டீங்களா?"

தலைவர் யோசித்தார். அவர் கை தானாகவே மேசையிலிருந்த வறுவல் கூடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அது நியாயமான கேள்வி" என்றார். "பாதுகாக்கப்பட்ட சுவையை அவ்வப்போது ஆய்வு செய்வது வாரியத்தின் கடமை. தினமும் செய்யலாம். காலையும் மாலையும்கூடச் செய்யலாம்." ஒன்றை ஆய்வு செய்தார். "ஆய்வுக்காகப் புதிதாகப் பொரிப்பதற்குத் தடையில்லை. தின்பதற்குத்தான் தடை."

"ஆனா ஐயா, ஒருத்தர் நாக்கை மட்டும் நம்பினா பாரபட்சம்னு சொல்ல மாட்டாங்களா?" என்றாள் பொடியக்கா. இப்போது அவள் குரல் நடுங்கவில்லை.

"சொல்வார்கள்! நிச்சயம் சொல்வார்கள்!" தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பல தரப்பட்ட நாக்கு வேண்டும். வடக்கத்தி நாக்கு, தெற்கத்தி நாக்கு, ஓடுகிற நாக்கு. கௌரவ ஆய்வாளர்களை நியமிக்க வேண்டும்."

"சார், நான் ஓடுற நாக்கு" என்று கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார் கண்டக்டர்.

"நான் ஆஸ்பத்திரி நாக்கு" என்றாள் நர்ஸம்மா. வக்கீல் நேராக வந்து வரிசையில் நின்றுகொண்டார்.

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்கள். அடுப்பைப் பற்றவைத்தார்கள். கையடக்கக் கலப்பு எல்லாம் வெறும் தீனிக்குத்தான், ஆய்வுப் பொருளுக்கு அல்ல என்று தலைவர் விளக்கம் கொடுத்ததால் பொடியக்கா பழையபடி எல்லாவற்றையும் ஒன்றாகவே இடித்தாள். ஆய்வுக்கு வருகிறவர் பொட்டலத்தின் விலையை ஆய்வுக் கட்டணமாகக் கல்லாவில் செலுத்திவிட்டு, கௌரவ ஆய்வாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆய்வு செய்துவிட்டு, அட்டையை அடுத்தவருக்குக் கழற்றிக் கொடுக்க வேண்டும். பாலில் நனைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்த சுவைப் பிரிவு அதிகாரிகள் வண்டி பிடித்து வந்தார்கள். வந்தவர்கள் ஆய்வைப் பாதியில் விட்டுப் போக மனமில்லாமல் சாயங்காலம்வரை இருந்தார்கள். வாரியத்தின் வாசல் காவலருக்கு மட்டும் அறிமுகம் தேவைப்படவில்லை. "இதை நான் ஏற்கெனவே ஆய்வு பண்ணியிருக்கேம்மா" என்று சிரித்தார்.

வருஷக் கடைசியில் வாரியத்தின் ஆண்டு விழா நடந்தது. தலைவர் மேடையேறினார். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது, சட்டைப் பையில் மஞ்சளாய் எண்ணெய்க் கறை.

"இந்த வாரியம் தொடங்கியபோது இந்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் நொறுக்குத்தீனி தின்றுகொண்டிருந்தார்கள்" என்று முழங்கினார். "இன்றைக்கு ஒருவர்கூட இல்லை! அத்தனை பேரும் ஆய்வு செய்கிறார்கள்! நாட்டிலேயே தீனிப் பழக்கம் அடியோடு ஒழிந்த ஊர் இதுதான் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்!"

கைதட்டல் சரியாக எழும்பவில்லை. கூட்டத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கையில் பொட்டலம் இருந்தது.

கடைசி வரிசையில் பொடியக்கா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் புருஷன். தலைவர் அடுத்த திட்டத்தை அறிவிக்க ஆரம்பித்தார். என்ன திட்டம் என்று அவள் காதில் விழவில்லை. வறுவல்காரர் அவள் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எத்தனை மூட்டை சீவட்டும்?"

சாதாரணமாக, தினமும் கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஆனால் நாளைக்கும் இவர் இங்கேதான் இருக்கப்போகிறார் என்பது அந்தக் கேள்வியைக் கேட்டதும்தான் பொடியக்காவுக்கு முழுசாக உறைத்தது. முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னாச்சு? கண்ணு கலங்குது?"

"ஒண்ணுமில்லை, மிளகாய்க் கையோட தொட்டுட்டேன்" என்றாள். "ரெண்டு மூட்டையா சீவுங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஆய்வாளருங்க எல்லாம் குடும்பத்தோட வருவாங்க."